தந்தை அனுமதித்தார்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் தங்கமுத்து சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் முதலாளி சிரித்தால், யாரோ செய்த தப்பை நான் திருத்தப்போகிறேன் என்று அர்த்தம்.

"முத்தரசி, ஒரு பருப்புப் பிரச்சினைங்க," என்றார்.

பொள்ளாச்சி சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரிக்கு எங்கள் கம்பெனி 'விடுதி நண்பன்' என்று ஒரு வலைச் செயலி செய்து கொடுத்திருக்கிறது. விடுதியில் இருப்பவர்கள் அதில் சாப்பாட்டுப் புகார் எழுதலாம், வெளியே போக அனுமதி கேட்கலாம். போன வியாழன் பெண்கள் விடுதி வார்டன் சரோஜினி மேடம் புகார்ப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். திரையின் நடுவில் ஒரு பெட்டி குதித்திருக்கிறது: 'சாம்பாரில் பருப்பு எங்கே?' சரி என்று அமுக்கியதும் இன்னொரு பெட்டி: 'மறுபடியும் கேட்கிறேன், பருப்பு எங்கே?' பதறிப்போய்க் கல்லூரித் தாளாளரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். தாளாளரிடமும் அது பருப்பைக் கேட்டிருக்கிறது.

"ஹேக் பண்ணிப்போட்டாங்கன்னு கத்தறாருங்க. இப்ப என்ன பண்றது?"

"பருப்பு போடச் சொல்லுங்க சார்."

"நாஞ் சீரியஸா கேக்கறனுங்க."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன்."

விஷயம் இதுதான். யாரோ ஒரு மாணவி புகார்க் கட்டத்தில் புகாருக்குப் பதிலாக இரண்டு வரி நிரல் எழுதிவிட்டாள். எங்கள் செயலி அதை வெறும் எழுத்தாகக் காட்டாமல் கட்டளையாக எடுத்துக்கொண்டு, பக்கத்தைத் திறந்தவரின் கணினியில் ஓட்டிவிட்டது. நல்ல பெண், பருப்பைக் கேட்டதோடு விட்டாள். வார்டனின் கணக்கையே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.

பதினெட்டாம் தேதிக்குள் மொத்தச் செயலியையும் சோதித்து ஓட்டைகளை அடைக்க வேண்டும் என்று உத்தரவு. மூன்று பேர் வேலை. செய்வது ஒருத்தி.

நான் தங்கியிருக்கும் பி.ஜி. விடுதியில் தண்ணீர் வரவில்லை. ஊறவைத்த துணி பக்கெட்டில் அப்படியே கிடக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாங்கள் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க், பூட்டு தாழ்ப்பாளோடு கட்டிக் கொடுத்த வீடு மாதிரி. நாம் உள்ளே போய்ப் பாத்திரத்தை அடுக்கினால் போதும். இந்தச் செயலியை எழுதிய ரியாஸ், பாத்திரம் அடுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று கதவைக் கழற்றி வெளியே வைத்திருக்கிறான்.

"ஃபார்ம் நம்ம பக்கத்துல இருந்துதான் வருதான்னு பாக்குற சோதனையை ஏன்டா எடுத்த?"

"அது எரர் காட்டிட்டே இருந்துச்சு முத்து. காலைல டெமோ."

"அதனால?"

"விதிவிலக்குப் பட்டியல்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல ஒரு நட்சத்திரம் போட்டேன்."

நட்சத்திரம் போட்டால் எல்லாமே விதிவிலக்கு என்று பொருள்.

"டெமோ முடிஞ்சதும் எடுத்துடலாம்னுதான்…"

"எப்ப டெமோ?"

"ரெண்டாயிரத்து இருபத்திரெண்டு."

உள்நுழையும் கட்டத்தில் வார்டன் பெயரை அடித்து, பக்கத்தில் ஒரு மேற்கோள் குறியும் கொஞ்சம் நிரலும் சேர்த்தேன். கடவுச்சொல்லே கேட்காமல் 'வணக்கம், சரோஜினி மேடம்' என்றது. இல்லாத பக்கம் ஒன்றைத் தேடினேன். 'மன்னிக்கவும்' என்று சொல்ல வேண்டிய திரை, தரவுத்தளத்தின் கடவுச்சொல் வரைக்கும் குடும்ப ரகசியம் முழுவதையும் கொட்டியது.

"அப்படி வச்சாத்தான் தப்பு எங்கன்னு ஈசியா கண்டுபிடிக்கலாம்," என்றான் ரியாஸ்.

"யாரு?"

அவன் யோசித்தான். "யாரு வேணும்னாலும்."

ரியாஸை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அந்தச் சமயம் அவன் தலையில் ஐந்து புராஜெக்ட். இந்த ஊரில் பாதி சாஃப்ட்வேர், தூங்காத ஒரு பையன் 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று விட்ட இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது. முதலாளிகள் அதற்குத் 'துரித சேவை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர் வந்தது. துணி நாறுகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று ஒரு பெண்ணுக்கு அப்பா ஆனேன்.

ஒரு மாணவி விடுதியை விட்டு வெளியே போக வேண்டும் என்றால் செயலியில் பதிவு செய்ய வேண்டும். உடனே அவள் அப்பாவின் போனுக்கு ஒரு லிங்க் போகும். அவர் அமுக்கினால் வாசலில் இருக்கும் திரையில் பச்சை எழுத்தில் 'தந்தை அனுமதித்தார்' என்று வரும். வாட்ச்மேன் கதவைத் திறப்பார். பத்தொன்பது வயதுப் பெண் ஷாம்பு வாங்கப் போவதற்கு இவ்வளவு ஏற்பாடு. அப்பா இல்லாதவர்களுக்குப் 'பாதுகாவலர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அம்மாவுக்குக் கட்டமே இல்லை.

அந்த லிங்க்கின் கடைசியில் ஓர் எண். அமுக்குவது யார் என்று செயலி கேட்பதே இல்லை. எண்களும் வரிசையாகப் போகின்றன. சோதனைக்காக ஒரு லிங்க்கின் எண்ணில் ஒன்றைக் கூட்டித் திறந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயர், அறை, போன் எண், அப்பா பெயர், எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் எல்லாம் வந்தது. கீழே பச்சையாக: தந்தை அனுமதித்தார். நான்தான் அந்தத் தந்தை.

இதைவிடக் கூத்து ஒன்று இருக்கிறது. 'நான் அமுக்கவே இல்லை, பெண் எப்படி வெளியே போனாள்' என்று பழைய புகார் ஒன்று கிடந்தது. ரியாஸும் நானும் சோதித்துப் பார்த்தோம். லிங்க்கை வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பக்கத்தின் முன்னோட்டத்தைக் காட்டுவதற்காகப் போனே அதை ஒரு தடவை திறந்து பார்க்கிறது. எங்கள் செயலியைப் பொறுத்தவரை திறந்தாலே அனுமதி. ஆக, ஓர் அப்பா குடும்பக் குழுவில் லிங்க்கைப் போட்டு 'இவளை அனுப்பலாமா?' என்று கேட்டால், சித்தப்பாக்கள் வாயைத் திறப்பதற்குள் அவள் பஸ் ஏறிவிடுகிறாள்.

இந்தச் செயலியில் உருப்படியான அம்சம் இது ஒன்றுதான். அதை அடைக்கச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கல்லூரிக்குப் போனேன். சரோஜினி மேடம் காப்பி கொடுத்தார்.

"எங்க பேரண்ட்ஸ் ரொம்பப் பொறுப்பும்மா. பிள்ளைங்க பதிவு பண்ணின அடுத்த நிமிஷம் அனுமதி குடுத்துடுவாங்க. அதுவும் மூணாவது மாடிப் பிள்ளைங்களோட அப்பாங்க இருக்காங்களே, கண்ணு மாதிரி பாத்துக்கறாங்க."

பதிவுகளை ஏற்கெனவே பார்த்திருந்தேன். மூன்றாவது மாடி அப்பாக்கள் அத்தனை பேரும் விடுதியின் வைஃபையிலிருந்துதான் அனுமதி கொடுக்கிறார்கள். அதில் முதலாவதாக அப்படிக் கொடுத்தவர் தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை செய்யும் அந்தோணி பிச்சை. செயலி பற்றிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லி அவர் மகளை வரச் சொன்னேன். ரெக்ஸ்லின், பி.காம். இரண்டாம் ஆண்டு. கேன்டீனில் எதிரே உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எக்கா, நீங்க சைபர் கிரைமா?"

"இல்ல. ரிப்பேர் பாக்குற ஆளு."

"என்னத்த ரிப்பேர்?"

"நீ உங்கப்பாவா மாறுறதை."

டீயைத் துப்பிவிட்டாள். பிறகு பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள்.

"எங்கப்பாவுக்கு அந்த மெசேஜ் வந்தா என்ன செய்யணும்னே தெரியாதுக்கா. எனக்கே திருப்பி அனுப்பி, 'நீயே அமுக்கிருட்டி'ன்னாவ. எல்லா அப்பாவும் அப்படித்தான். அமுக்கி அமுக்கிப் பாக்கேன், நம்பர் ஒண்ணொண்ணா கூடிட்டே போவுது. அப்புறம் எதுக்கு அவுகள போட்டுத் தொந்தரவு பண்ணணும்? இப்ப எங்க மாடிக்கே நாந்தான் அப்பா."

"பருப்பு கேட்டதும் நீதானா?"

"ச்சே, அது எதுத்த ரூமு கம்ப்யூட்டர் சயின்ஸ். எனக்கு அந்த அளவுக்கு வராது."

சனிக்கிழமைதோறும் எங்கே போகிறாள் என்று கேட்டேன். இதற்குத்தான் கொஞ்சம் தயங்கினாள். கிரிக்கெட் மைதானத்துக்கு, பயிற்சிக்காக. அம்பயர் ஆவதற்கு மாவட்ட அளவில் தேர்வு இருக்கிறதாம். எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை மைதானத்தில் செய்முறைத் தேர்வு. ஒரு நாள் முழுக்க ஆண்கள் ஆடும் ஆட்டத்தில் நிற்க வேண்டும். அன்று வராதவர்கள் மறுபடி அடுத்த வருஷம் முதலிலிருந்து எழுத வேண்டும்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கேட்டா வேண்டாம்பாவ. கேக்காம இருந்தா அந்த வார்த்த வராதுல்லா." பிறகு, "நீங்க எங்கயும் போனா உங்க அப்பாட்ட சொல்லுவீங்களாக்கா?" என்றாள்.

இதற்கு நான் என்ன சொன்னேன் என்பது இங்கே முக்கியமில்லை.

திரும்பும் பஸ்ஸில் விருதுநகரிலிருந்து அப்பா போன் செய்தார். ரூமில் இருக்கிறேன் என்றேன். பின்னால் கண்டக்டர் 'உக்கடம், உக்கடம்' என்று கத்தினார். டி.வி. ஓடுகிறது என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

துணி துவைத்தேன். லிங்க் ஓட்டையைப் பற்றி அறிக்கையில் இன்னும் எழுதவில்லை. வேறு வேலை இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மதியம் ரெக்ஸ்லின் போன் செய்தாள். குரலில் சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை மைதானத்துக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் ஒருவன் பைக்கை நிறுத்தியிருக்கிறான். 'ரெக்ஸ்லின், மூணாவது மாடிதான? ஆறு மணிக்குள்ள திரும்பணும்ல, கொண்டுபோய் விடட்டா?' என்றிருக்கிறான். அவள் பதில் சொல்லாமல் ஒரு பேக்கரிக்குள் போய் நின்றிருக்கிறாள். அப்பா பெயரையும் சொல்லிக் கூப்பிட்டானாம்.

"எக்கா, அவனுக்கு எப்படித் தெரியும்?"

பதிவுகளைத் திறந்தேன். ஜூலை முதல் வெளியே இருந்து ஒரே இணைப்பு அந்தப் பக்கங்களை எண் வரிசையாகப் புரட்டியிருக்கிறது. அவள் ஒன்றைக் கூட்டிக் கண்டுபிடித்ததைப் போலவே அவனும் கண்டுபிடித்திருக்கிறான். அவளுக்கு அது கதவு. அவனுக்கு அது இந்த விடுதிப் பெண்கள் எங்கே, எப்போது, தனியாக இருப்பார்கள் என்கிற அட்டவணை.

ஆபீசில் யாரிடமும் கேட்காமல் அந்த இணைப்பைத் தடுத்தேன். பக்கத்திலிருந்து பெயர், போன், இடம், நேரம் எல்லாவற்றையும் எடுத்தேன். ஒன்பதாம் தேதி எழுதியிருக்க வேண்டிய அறிக்கையை இன்று எழுதினேன். அவளைத் திரும்பக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவனைத் தடுத்தால் இன்னொருவன் வருவான், அதனால் லிங்க்கையே மாற்றியாக வேண்டும் என்றும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ரெண்டும் ஒரே ஓட்டையாக்கா? உங்காளுவ தனித்தனியா வச்சிருக்கக் கூடாதா?"

"அடைச்சா, இருபத்தி மூணாம் தேதி என்ன பண்ணுவ?"

"எனக்கு மட்டுமா, மாடி பூரா பிள்ளைங்க இருக்கு. அடைச்சிருங்க." வைக்கும் முன் சொன்னாள்: "ஆனா எனக்கு அழுகையா வருது, அதையும் சொல்லிருதேன்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நிரலைப் படித்துக்கொண்டு வரும்போது ஒரு வரியைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என்ன என்று ரியாஸ் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

இரவுச் சாப்பாடு: தயிர்சாதம், அதே ஊறுகாய்.

ஆகஸ்ட் 13, புதன்

தாளாளரைப் பார்க்கத் தங்கமுத்து சார் என்னையும் அழைத்துப்போனார். தாளாளர் அறையில் ஏ.சி. எவ்வளவு குளிர் என்றால், அங்கே நிற்பவர்களுக்குத் தானாகவே கை கட்டிக்கொள்ளும்.

ஓட்டைகளை விளக்கினேன். அப்பாவாக நடித்த மாணவிகள் யார் என்று கேட்டார். பதிவில் பெயர் இருக்காது, இணைப்பின் எண்தான் இருக்கும் என்றேன். உண்மை. வைக்கும் இடத்தில் வைத்தால் உண்மையும் உதவும்.

பஸ் ஸ்டாப் ஆள் மேல் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும் என்றேன்.

"காலேஜ் பேரு என்னம்மா ஆகறது? அந்தப் பொண்ண சனிக்கிழமை உள்ளயே இருக்கச் சொல்லு. முடிஞ்சுது."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கமுத்து சார் முந்திக்கொண்டார். "சார், நாம குடுக்கலீன்னா நாளைக்கு எங்களையத்தானுங்க புடிப்பாங்க. எனக்குக் கொழந்த குட்டி இருக்குதுங்க." பயத்திலிருந்தும் சில நேரம் நல்லது பிறக்கும். புகார் எழுதிக் கையெழுத்தானது.

பிறகு தாளாளர் மேஜையைத் தட்டினார். "அடுத்த மாசம் மதிப்பீட்டுக் குழு வருது. அதுக்குள்ள எல்லாம் கரெக்டா இருக்கணும். இனிமே யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. ஹாஸ்டல்ல இருக்கற எல்லாருக்கும், அப்பா அம்மா அனுமதி இல்லாம கேட் தொறக்கக் கூடாது."

"எல்லாருக்குமா சார்?"

"ஆமா."

"ஒருத்தர் விடாம?"

"ஏம்மா, தமிழ்லதான சொல்றேன்? எல்லாருக்கும்."

"மெயில்ல ஒரு வரி அனுப்பிடுங்க சார். எங்க வழக்கம்."

எங்கே எங்களுக்கு அப்படி ஒரு வழக்கம் என்பதுபோல் தங்கமுத்து சார் என்னைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மெயில் வந்துவிட்டது.

ஆண்கள் விடுதிக்கும் இதே செயலிதான். அங்கேயும் வாசலில் திரை, வாட்ச்மேன் எல்லாம் உண்டு. ஆனால் நிரலில் ஒரு வரி இருக்கிறது: ஆண்கள் விடுதி என்றால் அனுமதி கேட்காமல் பச்சையைக் காட்டு. இதை இன்றுதான் கவனமாகப் படித்தேன். தொழில் பார்வையில் இது ஒரு விதிவிலக்கு. வேறு எந்தப் பார்வையும் எனக்குக் கிடையாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. கல்லூரியின் பக்கத்தில் படம் போட்டிருக்கிறார்கள். மாணவிகள் மூவண்ணப் புடவையில் கொடியைச் சுற்றி நிற்கிறார்கள். கொடியேற்றம் முடிந்து இனிப்பு வாங்கப் போனவர்களுக்கு வாசலில் 'தந்தை அனுமதித்தார்' வந்ததா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

வேலை முடிந்தது. புகார்க் கட்டத்தில் எழுதுவது இனி வெறும் எழுத்துதான், எவ்வளவு பருப்பு கேட்டாலும் குதிக்காது. மேற்கோள் குறி போட்டு யாரும் வார்டனாக முடியாது. தப்பான முகவரிக்கு 'மன்னிக்கவும்' மட்டும் வரும். நட்சத்திரம் போய்விட்டது. லிங்க்கின் கடைசியில் ஊகிக்க முடியாத நீளமான குறியீடு. திறந்தால் கேள்வி மட்டும் வரும். அப்பாவின் போனுக்கு வரும் ஓ.டி.பி.யை அடித்துப் பொத்தானை அமுக்கினால்தான் அனுமதி.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஒரே காவல். யார் கேட்கிறார், எதைக் கேட்கிறார், அதற்கு உரிமை உண்டா என்று பார்க்கும். பொருந்தாவிட்டால் இல்லை என்று சொல்லும். இந்த விடுதி, அந்த விடுதி என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

ரியாஸ் திரையை எட்டிப் பார்த்தான்.

"முத்து, பாய்ஸ் ஹாஸ்டல் வரியக் காணமே."

"விதிவிலக்கு. எடுத்துட்டேன்."

"கலவரம் ஆயிடும்."

"நட்சத்திரம் எடுத்தேன்ல, அதே மாதிரி."

"நான் எதையும் பாக்கல," என்று சொல்லி டீ குடிக்கப் போனான். திரும்பி வரும்போது எனக்கும் வாங்கி வந்தான். அதுவரை அவன் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

தங்கமுத்து சார் ஒரு மாணவியை வைத்துச் சோதித்துப் பார்த்து, பிரமாதம் என்றார். ஒரு மாணவனை வைத்துச் சோதிக்க அவருக்குத் தோன்றவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. அவர் பிசியாக இருந்தார்.

ரெக்ஸ்லின்: 'சனிக்கிழமை?'

நான்: 'தெரியாது.'

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் புதிய செயலி ஓடத் தொடங்கியது. ரெக்ஸ்லின் சனிக்கிழமைக்குப் பதிவு செய்தாள். காரணம்: புத்தகம் வாங்க. அவள் அப்பா முதல் தடவையாகத் தானே பொத்தானைத் தேடி அமுக்கினார். வேண்டாம் என்கிற பொத்தானை. 'புத்தகத்த இங்கருந்து வாங்கி அனுப்புதேன்' என்று போனில் சொன்னாராம்.

மாலை ஆண்கள் விடுதி வாசலில் திரை சிவப்பானது.

ஆகஸ்ட் 20, புதன்

செயலியின் உதவி எண் எங்கள் ஆபீசுக்கு வரும். காலையிலிருந்து அப்பாக்கள்.

"ஏனுங்க, என்ற பையன் டீ குடிக்கப் போறதுக்கு நான் எதுக்குங்க? நான் தோட்டத்துல மருந்தடிச்சுட்டு இருக்கறனுங்க."

"போன்ல வர்ற ஓ.டி.பி.யை அடிச்சாப் போதுங்கய்யா."

"காலைல இருந்து நாலு டீங்க. ஒருத்தன் அத்தன டீ குடிப்பானா? அங்க அவன் என்னதான் பண்றான்?"

இன்னொருவர் குரலில் ஒரே உற்சாகம். "நல்ல ஏற்பாடுங்க. சலூன் போறேன்னு மூணாவது தடவ கேக்கறான். அவனுக்கு இருக்கறதே கொஞ்சம் முடி. வேண்டாம்னு அமுக்கீட்டனுங்க. இந்தப் பொத்தான இத்தன நாள் எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

மாலையில் பையன்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ரெக்ஸ்லின் போனில் நேரடி வர்ணனை கொடுத்தாள். ஒருத்தன் எழுந்து 'நாங்க என்ன பொம்பளப் பிள்ளைங்களா?' என்று கத்தினானாம். அடுத்த கணம் பெண்கள் விடுதி மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் இறங்கியது. ("நான் ஊத்தலக்கா. பக்கெட்டு மட்டும் என்னுது.") அதற்குப் பிறகு கோஷம் மாறியது: 'கேட்டைத் திற! எல்லாருக்கும் திற!' நனைந்தவன்தான் ரொம்பச் சத்தமாகக் கத்தினானாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மறுபடி அந்தக் குளிர் அறை.

"யாரும்மா பசங்களுக்குப் போடச் சொன்னது?"

மெயிலைக் காட்டினேன். 'எல்லாருக்கும்' என்று இருந்தது. படித்துவிட்டு, யாரோ வேண்டாதவன் எழுதியதைப்போல் தன் பெயரைப் பார்த்தார்.

"சரி, பசங்களுக்கு மட்டும் எடுத்துடு. இப்பவே."

"எடுத்துடலாம் சார், ஒரு வரிதான். 'ஆண்களுக்கு அனுமதி தேவையில்லை, பெண்களுக்குத் தேவை' அப்படின்னு ஒரு மெயில் அனுப்பிடுங்க. மதிப்பீட்டுக் குழு வந்தா, பாதுகாப்பு ஆவணத்துல விதிவிலக்கு எல்லாத்தையும் காட்டணும்."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே பையன்கள் கத்துவது கேட்டது.

"பதினெட்டு வயசு ஆனவங்க எல்லாரும் அவங்களே பதிவு பண்ணட்டும். பேரண்ட்ஸுக்குத் தகவல் மட்டும் போகட்டும். ரெண்டு ஹாஸ்டலுக்கும்." பிறகு, யோசனை தனக்கே பிடித்துப்போனதுபோல், "அந்தக் குழுக்கிட்ட இதப் பெருசா சொல்லலாம். இல்லீங்களா?" என்றார்.

"சொல்லலாம் சார்," என்றேன்.

திரும்பும்போது தங்கமுத்து சார் கார் ஓட்டினார். சுந்தராபுரம் சிக்னலில் கேட்டார்:

"ஏனுங் முத்தரசி, அந்த வரி மேட்டரு உங்களுக்கு மின்னமே தெரியுமுங்களா?"

"எந்த வரி சார்?"

"செரி," என்றார். சிக்னல் விழுந்த பிறகும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுக்காமல் இருந்தார். பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாற்றம் காலையில் ஓடத் தொடங்கியது. ரெக்ஸ்லின் பதிவு செய்தாள். காரணக் கட்டத்தில் 'அம்பயர் செய்முறைத் தேர்வு' என்று எழுதியிருந்தாள்.

"புத்தகக் கடைன்னு எழுதினா என்ன? அப்பாவுக்குத் தகவல் போகுமே," என்றேன்.

"நாளைக்கு நான் டி.வி.ல நின்னா, புத்தகக் கடைல நிக்கேன்னு சொல்ல முடியுமாக்கா?"

மதியம் உதவி எண்ணில் ஒரு போன்.

"அலோ, நான் தூத்துக்குடில இருந்து அந்தோணி பிச்சை. மக மெசேஜ் ஒண்ணு வந்திருக்கு. இதுல வேண்டாம்னு அமுக்க எங்கம்மா இருக்கு?"

"இல்லங்கய்யா. இது தகவல் மட்டுந்தான்."

"அப்ப சரின்னு அமுக்க?"

"அதுவும் இல்ல."

"ரெண்டும் இல்லன்னா எதுக்கும்மா எனக்கு அனுப்புதீய?"

"உங்களுக்குத் தெரியணும்னு அவ நினைக்கிறா."

இது பயிற்சிக் கையேட்டில் இல்லாத பதில். வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது.

"அம்பயர்னா, வெள்ளச் சட்ட போட்டு நடுவுல நிப்பானுவளே, அவனுவளா?"

"அவங்கதான்."

"அவ அவுட்டுன்னா அவுட்டா?"

"ஆமாங்கய்யா."

"ஆம்பளப் பயலுவளுக்கும்?"

"நாளைக்கு ஆடுறதே அவங்கதான்."

"வெயில்லல்லா நிக்கணும்," என்றார். பிறகுதான் வைத்தார்.

ஆகஸ்ட் 23, சனி

மைதானத்துக்குப் போனேன். பஸ் ஸ்டாப் ஆள் மீது கொடுத்த புகாருக்கு ரசீது வந்திருக்கிறது, ஆளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதனால் அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. மாடிப் பெண்கள் ஐந்தாறு பேரும் வந்திருந்தார்கள். எல்லாரும் அவரவர் பெயரிலேயே பதிவு செய்து வந்தவர்கள்.

ரெக்ஸ்லின் யாருடையதோ தொளதொள வெள்ளைச் சட்டையில் நடுவில் நின்றாள். தேர்வாளர்கள் இரண்டு பேர் கோட்டுக்கு வெளியே நாற்காலியில். பத்தாவது ஓவரில் பந்து பேட்ஸ்மேனின் காலில் பட்டது. பதினொரு பேரும் அவுட் கேட்டுக் கையைத் தூக்கிக் கத்தினார்கள். அவள் அவசரப்படவில்லை. தலையை ஆட்டினாள், இல்லை என்று.

பந்து போட்டவன் பக்கத்தில் வந்தான். "மேடம், நேரா கால்லங்க! பாக்கலீங்களா?"

"லெக் ஸ்டம்புக்கு வெளிய குத்திச்சு. பாத்தேன். போய் அடுத்த பந்தப் போடுங்க."

அவன் இடுப்பில் கைவைத்து முறைத்தான். அவள் அவனைத் தாண்டி அடுத்த பந்துக்கு இடம் பார்த்தாள். அவன் போனான்.

அவள் போன் என் கையில் இருந்தது. 'அப்பா' என்று மூன்று தடவை அடித்தது. நான் எடுக்கவில்லை. உணவு இடைவேளையில் அவளே கூப்பிட்டாள். அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டாள், எல்லாருக்கும் கேட்டது.

"எத்தன பேரு அவுட்டு?" என்றார் அந்தோணி பிச்சை. வணக்கம் இல்லை, சாப்பிட்டாயா இல்லை.

"மூணுப்பா. ஒருத்தன் சண்டைக்கு வந்தான்."

"வந்தா?"

"போடச் சொன்னேன். போட்டான்."

அந்தப் பக்கம் யாரிடமோ, 'மூணு பேராம்ல' என்று அவர் சொல்வது கேட்டது.

பாஸா ஃபெயிலா என்று அடுத்த வாரம்தான் சொல்வார்களாம். இடைவேளை முடிந்தும் பேட்ஸ்மேன்கள் பிரியாணிப் பொட்டலத்தை விட்டு எழவில்லை. ரெக்ஸ்லின் நடுவில் போய் நின்றுகொண்டு மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். ஒருவன் எலும்பைப் போட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே ஓடினான்.